கோலத்துக்கு வராத பூசணிப்பூ

ஐம்பதுகளில் போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் இருந்தோம். அப்பாவுக்கு மலையில் ஏலத்தோட்டத்து வேலை. காய் எடுக்கும் மாதங்களில் வீட்டுப்பக்கம் தலைகாட்ட மாட்டார். வீட்டில் ஆத்தா, அக்கா, நான். மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் பூசணிக்கொடி.

அந்தக் கொடியின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. பொங்கலுக்கு இளங்காயைக் குழம்பில் போடுவோம். மாசியில் முற்றியதைக் காம்போடு அறுத்துப் பரணில் அடுக்கிவிட்டால் கோடை முழுக்கப் புளிக்கறிதான், வெல்லம் போட்ட பூசணிதான். சோற்றைத் தள்ளிவிட்டு அதையே தின்பவள் நான்.

ஆத்தாவுக்கோ காயைவிடப் பூ முக்கியம். மார்கழியில் வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூவைச் செருகினால், அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்று அர்த்தம். தை பிறந்ததும் பெண் கேட்டு வருவார்கள். எட்டாம் வகுப்பு முடித்திருந்த அக்காவுக்கு மதுரைக்குப் போய் டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டும். கேட்டும் பார்த்தாள். "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று ஆத்தா ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

அந்த மார்கழியில் கொடி எங்களை ஏய்த்தது. விடியற்காலையில் ஆத்தா போனால் பறிக்கப் பூ இருக்காது. அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சு உள்ள பூ மட்டும் விரிந்திருக்கும்; அதை யாரும் தொடமாட்டார்கள். நீளக் காம்பில் நிற்கும் காய்க்காத பூதான் கோலத்துக்கு. அதுதான் மாயமாகிக்கொண்டிருந்தது. பிஞ்சுகளும் வெம்பி விழுந்தன. கண்ணேறு என்று ஆத்தா பிய்ந்த செருப்பைக் கொடியில் கட்டினாள். நான் ஊரிலுள்ள ஒவ்வொரு கண்ணையும் சந்தேகப்பட்டேன்.

"என்ன மதினி, வாசல்ல பூவைக் காணோம்? மகளுக்குப் பேசி முடிச்சாச்சா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள். ஆத்தாவின் முகம் சுண்டிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன ஆத்தா, கழனித்தண்ணித் தொட்டியிலிருந்து ஒரு பிடி பூசணி மொட்டுகளை அள்ளினாள். மறுநாள் விரிய வேண்டியவை. கொட்டகையோரம் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, நீயா?"

"காய்க்காத பூவைத்தானே ஆத்தா பறிச்சேன். பிஞ்சுல கைவைக்கலை."

அந்தப் பூ இல்லாமல் பிஞ்சு பிடிக்காது என்பது அவளுக்கும் தெரியாது, செருப்புக் கட்டிய ஆத்தாவுக்கும் தெரியாது. பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் எனக்கே விளங்கியது.

நாலு சாத்து சாத்துவாள் என்று ஆவலோடு பார்த்தேன். என் பூசணி போச்சே! ஆத்தா அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெனமும் கூரையில ஏறுனியா? விழுந்திருந்தா என்னடி ஆகும்? படிக்க அம்புட்டு ஆசையா ஒனக்கு?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்கப்புறம் மொட்டுகளை யாரும் தொடவில்லை. இரண்டு நாளில் கூரையெல்லாம் மஞ்சள். ஆத்தா மடி நிறையப் பறித்தாள். கோலமும் போட்டாள். பூவை மட்டும் அடுப்படிக்குக் கொண்டுபோய் அரிந்து, பாசிப்பருப்புச் சேர்த்துப் பொரியல் செய்து, அக்கா தட்டில் முதலில் வைத்தாள்.

"பொங்கலுக்கு ஒங்கப்பா எறங்கி வரட்டும். மதுரைக்கு அனுப்பச் சொல்லி நான் பேசுறேன். வெரசாச் சாப்பிடு, சோலி கெடக்கு."

அக்கா அழுதுகொண்டே சாப்பிட்டாள். வாசலில் பூ வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவள் இந்த வீட்டை விட்டுப் போகத்தான் போகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தட்டிலிருந்த பொரியலை அள்ளி அவள் தட்டில் வைத்தேன்.