அடுப்புச் சாம்பலில் ஆறு கிண்ணங்கள்

அந்தக் கிண்ணம் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. நெல்லிக்காய் நிறம். விளிம்பில் மெல்லிய பழுப்பு. அடியில் பச்சை தேங்கிக் கண்ணாடியாக உறைந்திருக்கிறது. எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்குப் பின்னால் இருந்த சிறிய பயிற்சிக்கூடத்தில் இதைச் செய்தேன். எப்படிச் செய்தேன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தார்கள். தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் குடியிருந்தோம். பள்ளி முடித்து, மலை இறங்கிப் போய் பீங்கான் தொழில் படித்துவிட்டு வந்தேன். வரும்போது கெட்டி அட்டை போட்ட ஒரு குறிப்பேடும், ஸ்டூடியோக்காரர் கொடுத்த கறுப்பு அங்கியில் எடுத்த படம் ஒன்றும் கையில் இருந்தன. அம்மா அந்தப் படத்தைச் சாமி படங்களுக்குக் கீழே மாட்டப் போனாள். "கீழ வேண்டாம், பக்கத்துல மாட்டு" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு என்மேல்.

வந்த அன்றே அம்மா ஒரு கையில் கல் உப்பும் காய்ந்த மிளகாயும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வா கண்ணு, கிழக்கப் பாத்து உக்காரு. சுத்திப் போடறேன். பஸ்ஸுல எத்தன கண்ணு பட்டுதோ."

"நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. இந்த உப்பு, மொளகா எல்லாம் எங்கிட்ட வேண்டாம்."

அம்மா உப்பை டப்பாவில் திரும்பப் போட்டு மூடினாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பயிற்சிக்கூடத்தை நடத்தியவர் ஒரு சிஸ்டர். பெண்களுக்கு மண் வேலை கற்றுத்தர என்னை வேலைக்கு வைத்தார். பூச்சுப் பொடி சேலத்திலிருந்து மூட்டையாக வரும். சுட்ட கிண்ணத்தை பொடியைக் கரைத்த நீரில் முக்கி மறுபடியும் சூளையில் வைத்தால் பொடி உருகிக் கண்ணாடித் தோலாகும். அதைத்தான் கிளேஸ் என்போம். வாங்கின பொடியில் எல்லாம் ஒரே வெள்ளை, ஆஸ்பத்திரிக் கோப்பை மாதிரி. விறகுச் சாம்பலிலேயே கிளேஸ் செய்யலாம் என்று நான் படித்திருந்தேன். மலையில் சாம்பலுக்குப் பஞ்சமா? காப்பிச் செடியைக் கவாத்து செய்து வெட்டின குச்சிகள்தான் எங்கள் வீட்டு விறகு. கொல்லைப்புறம் கூரை இறவாணத்தின் கீழே நனையாமல் அம்மா சேர்த்து வைத்திருந்த சாம்பலை ஒரு டின் நிறைய அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சலித்து, வெள்ளைக் களிமண்ணும் பாறைப் பொடியும் கலந்து, ஒரே ஒரு கிண்ணத்தில் பூசிச் சூளையில் வைத்தேன். மறுநாள் சூளை ஆறியதும் கையில் எடுத்தது இந்த நெல்லிக்காய்ப் பச்சை.

சிஸ்டர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேலத்து விருந்தினர் விடுதி ஒன்று சூப்புக் கிண்ணம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணு யாருக்கு வேணும்னாலும் வந்துரும். ஈஸ்டருக்குள்ள இதே மாதிரி ஆறு கொண்டு வா. வந்தா சூளை உன் பொறுப்பு, என்ன பூசணும்னு நீதான் முடிவு பண்ணுவே. வரலேன்னா பழைய பொடியே போதும். நீ ஆபீசுக்கு வந்து கணக்கு எழுதற ரைட்டர் வேலை பாரு. உன் கையெழுத்து நல்லாயிருக்கு."

நல்ல கையெழுத்து என்று அவர் பாராட்டியது எனக்குச் சுருக்கென்றது. ரைட்டர் வேலை கிடைத்தால் அப்பா ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்திருப்பார். எனக்கோ சூளை வேண்டும்.

அன்று மாலையே வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு உத்தரவு போட்டேன். அடுப்பில் கவாத்துக் குச்சியைத் தவிர எதுவும் விழக்கூடாது. காகிதம், வெங்காயத் தோல், சீவின தலைமுடி, எதுவும். "சாம்பல் சுத்தமா இருக்கணும். இது சமையல் இல்ல, சயின்ஸு."

"சரி சாமி. ஒண்ணுமே போடக்கூடாதா?"

"ஒண்ணுமே."

அம்மா அடுப்பைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

சுத்தமான சாம்பல் டின் டின்னாக வந்தது. முன்னைவிட நுணுக்கமாகச் சலித்தேன். ஒவ்வொரு கலவையும் எத்தனை பங்கு, சூட்டை எவ்வளவு நேரம் பிடித்தேன் என்று எழுதி வைத்தேன். சூளை திறந்தபோதெல்லாம் கிண்ணங்கள் வறண்டு, சொரசொரவென்று, சாம்பல் நிறத்தில் இருந்தன. சூட்டைக் கூட்டினேன். கிண்ணம் கோணியது, பூச்சு அப்படியே இருந்தது. களிமண்ணைக் குறைத்தேன். பூச்சு சுருண்டு, பத்தை பத்தையாக விலகியது.

சூளைக்கு விறகு தள்ளுகிறவர் குப்பனூரிலிருந்து வருபவர், வாய் சும்மா இருக்காது. ஒரு கிண்ணத்தை எடுத்து முழங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, எருமத் தோலு நல்லா வருதுங்க. கிண்ணம் எப்பங்க வரும்?"

"போய் விறகைப் பாருங்க."

"பாக்கறனுங்க. மொதோ தடவ ஒண்ணும் எழுதாம செஞ்சீங்க, வந்துச்சு. இப்ப பொஸ்தகம் நெறயுது, சூள ஏமாத்துது. உங்க ஊட்டு அடுப்பு உங்களவிட நொம்பப் படிச்சிருக்குமாட்டம் இருக்குதுங்க."

பயிற்சிக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். நான் குறிப்பேட்டை மூடிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். மூடுபனியில் பள்ளிக்கூடமே தெரியவில்லை. படிப்பு எனக்குக் கொடுத்தது நல்ல கையெழுத்து மட்டும்தானா என்று அன்று முதன்முறையாகப் பயந்தேன்.

ஈஸ்டருக்கு ஏழு வாரம் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை. ஆறாவது முறையும் சூளை கைவிட்டிருந்தது. மூன்று மணி பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. அம்மா எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கறுப்பு அங்கி போட்ட என் படத்தின் முன்னால் மூடிய கையை வலமாகச் சுற்றிக்கொண்டே முணுமுணுத்தாள்.

"பஸ்ஸுக் கண்ணு, பங்களாக் கண்ணு, ஆபீஸுக் கண்ணு, ஏறக்குள்ள பாத்த கண்ணு, எறங்கக்குள்ள பாத்த கண்ணு..."

மூன்று முறை சுற்றி முடித்து, கையைத் திறக்காமல் கொல்லைப்புறம் போனாள். பாதைத் திருப்பத்தில் இருந்த புதரில் வீசிவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்து, திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"உன்னையத் தொடல கண்ணு. படத்துக்குத்தான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அதற்குள் வேறொன்று மனதில் இடறியது.

"எப்பவும் அந்தப் பொதருலதான் போடுவியா?"

"இல்ல. முன்னயெல்லாம் அடுப்புலதான். நீ காலேசு போனதுலிருந்து செவ்வா, வெள்ளி, ஞாயிறு, ஒரு நாள் விட்டதில்ல. நெருப்புல போட்டா படபடன்னு வெடிக்கும், கண்ணு கழிஞ்சுதுன்னு தெரியும். நீதான் ஒண்ணும் போடக்கூடாதுன்ன. பொதருல போட்டா ஒரு சத்தமும் வரல. போச்சா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு மெதுவாக, "அதுலதான் உன்ற வேல கெட்டுப்போச்சோன்னு இருக்குது சாமி" என்றாள்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உப்பு. உப்பில் உள்ள சோடியம் கிளேஸை உருக்கும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். வருடக்கணக்கில் கைப்பிடி கைப்பிடியாக அந்தச் சாம்பலில் சேர்ந்துகொண்டிருந்த உப்பை நானே நிறுத்தியிருக்கிறேன்.

அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. மறுநாள் பயிற்சிக்கூடத்தில் சுத்தச் சாம்பல் கரைசலில் நேராக உப்பைக் கரைத்துப் பூசினேன். ஏதோ ஒரு விதத்தில் அம்மாவின் துணையில்லாமல் முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. கிண்ணம் காயக் காய உப்பு விளிம்புக்கு ஏறி வெள்ளையாகப் பூத்தது. சுட்டபோது விளிம்பு வழிந்து, அடி வறண்டே நின்றது. அடுப்பு நெருப்பில் சாம்பலோடு வெந்து கலந்த உப்பு இப்படிப் பிரிந்து ஏறியிருக்காது என்று அப்போதுதான் புரிந்தது.

ஈஸ்டருக்கு ஆறு வாரம்கூட இல்லை. சூளை திறந்த அன்று மாலை அம்மாவிடம் போய், தினமும் அடுப்பில் ஒரு கைப்பிடி உப்புப் போடச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் இறுகியது.

"சும்மா கொண்டுபோய் உப்ப அடுப்புல கொட்டறதா? சோறாக்கற எடம். சுத்தினாத்தான் போடலாம்."

"அப்ப படத்துக்குச் சுத்து."

"ஆளு ஊர்ல இல்லாதப்ப படத்துக்குச் சுத்தலாம், அப்ப உன்ற பள்ளிக்கூடப் படம் இருந்துச்சு. அப்புறம் நீ ஒத்துக்கலன்னு படத்துக்குச் சுத்துனேன். இப்பத்தான் நீயே வந்து கேக்கறியே."

பலகையைப் போட்டாள். கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த எவரும் பார்த்துவிடக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. அம்மாவின் கை என் தலையைச் சுற்றியது. கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை. மிளகாய்க் காம்பு ஒன்று விரலிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தது. "ஏறக்குள்ள பாத்த கண்ணு, எறங்கக்குள்ள பாத்த கண்ணு..." பட்டியல் நீண்டுகொண்டே போனது. நான் யாரையெல்லாம் கடந்து போகிறேன் என்று ஒரு நாளும் எஸ்டேட்டைவிட்டு வராத அவளுக்கு வரிசையாகத் தெரிந்திருந்தது. பிறகு அடுப்பில் போட்டாள். உப்பு வெடித்த சத்தம் சுவரில் பட்டுத் தெறித்தது. மிளகாய் நெடியில் இருவரும் இருமினோம்.

"கேட்டுதா?" என்றாள்.

கேட்டது.

நான்கு வாரம் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு தவறாமல் உட்கார்ந்தேன். முன்போலச் சேர இத்தனை நாள் போதாது என்று, சுற்றுகிறபோது இரண்டு கைகளிலும் உப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு மட்டும் சம்மதித்தாள். சேர்ந்த சாம்பலைச் சலிக்கும்போது உப்பு கரைந்து போய்விடும் என்று துளியும் கழுவவில்லை. எட்டுக் கிண்ணங்கள் பூசினேன். ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் சூளை திறந்தோம். விறகுக்காரர்தான் முதல் செங்கல்லை எடுத்தார். எட்டிப் பார்த்தார். ஒன்று விரிசல் விட்டிருந்தது, ஒன்று அடித்தட்டோடு ஒட்டியிருந்தது. ஆறு பச்சை.

சிஸ்டர் ஆறையும் முதல் கிண்ணத்தோடு வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"எதை மாத்தினே?"

பாறைப் பொடியின் அளவை மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தேன் என்பதையும் மறைக்க முடியாது. கன்னியாஸ்திரியிடம் கண்ணேறு கழித்த கதையைச் சொல்வது எப்படி? சொன்னேன், படத்திலிருந்து பலகை வரைக்கும். அவர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை.

"சூளைச் சாவியை வாங்கிக்கோ. சொன்னதை அப்படியே எழுது. உனக்குப் பின்னால வர்ற பொண்ணும் செய்யணும். உப்பு எவ்வளவு?"

"எங்கம்மா கைக்கு..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

அதனால் அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கூடத்துத் தராசை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா கையைத் திறந்து உப்பைத் தட்டில் கொட்டினாள்.

"சுத்தறதுக்கு முன்னாலயே நிறுத்துக்க. சுத்துனதுக்கு அப்புறம் தொடப்படாது."

நிறுத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி நிறுத்தபோது அளவு வேறாக இருந்தது. விடுதிக்குக் கிண்ணம் காட்ட நான் சேலம் வரை போய் வந்த அன்று, ஏறக்குறைய இரண்டு பங்கு. குறிப்பேட்டில் மூன்று அளவுகளையும் எழுதினேன். எதிரே காரணம் எழுதும் கட்டத்தில், நான் அன்று எவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பதை எழுதினேன்.