பணம் கட்டினால்தான் பெயர்

விடுமுறைப் பயணத்துக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "ரெண்டு நாள், லிஃப்டுன்னு யாரும் உங்களைக் கூப்பிடாத இடமா பாருங்க."

அவர் பிடித்த ஹோட்டல் புக்கிங் இணையதளத்தில் ஊரின் எந்தப் பகுதி, அறைக்கு என்ன விலை என்பதை மட்டும் நாம் சொல்லிக் கேட்க வேண்டும். ஹோட்டல் ஒப்புக்கொண்டு, பணத்தையும் எடுத்த பிறகுதான் பெயரைக் காட்டுவார்கள். பணம் திரும்பி வராது. கடற்கரைப் பகுதிக்கு அடிமாட்டு விலை கேட்டார்; நிராகரித்துவிட்டார்கள். இன்றைக்கே மறுபடி கேட்பதென்றால் இன்னொரு பகுதியையும் சேர்க்க வேண்டுமாம்.

"நாளைக்குக் கொஞ்சம் விலையைக் கூட்டிக் கேட்டுத் தொலைங்களேன்."

"உனக்கு இந்தச் சூட்சுமமெல்லாம் புரியாது, சும்மா இரு."

பக்கத்துப் பகுதியைச் சேர்த்தார். உடனே ஒப்புக்கொண்டார்கள். பெயரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாதம் தவறாமல் அவர் போய் லிஃப்டைப் பழுது பார்க்கும் ஹோட்டல் அது.

ரத்து செய்ய வழி தேடித் திரையைக் குடைந்துகொண்டிருக்கும்போதே மேனேஜர் போன் செய்தார். "நம்ம ஹோட்டல்லயா தங்கப்போறீங்க, அண்ணே! வர்றப்ப லிஃப்ட் கதவையும் ஒரு பார்வை பாத்துடுங்க."

மனைவி பெட்டியிலிருந்து தன் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"உங்க டூல்ஸ் பைக்கு இடம் வேணும்ல? நீங்களே போயிட்டு வாங்க."