வாரம் இரண்டு சுற்று

ஊரில் ஆளாளுக்கு ஒரு டென்ஷன் இருந்தது. தையல்காரம்மாவின் மகளுக்குப் பரீட்சை வந்தால் டென்ஷன். கீழ்வீட்டுக்காரருக்குத் தண்ணீர் மோட்டார் ஓடினாலும் டென்ஷன், ஓடாவிட்டாலும் டென்ஷன். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மின்கம்பத்தில் மண்டையோடு வரைந்து ஹை டென்ஷன் என்று பலகையே மாட்டியிருந்தார்கள். கழுத்துவலி என்று தையல்காரம்மா போனபோது டாக்டர் அவள் பிடரியை அழுத்திப் பார்த்து, தசையில் டென்ஷன் என்றார். அடுத்த மூச்சிலேயே, வீட்டில் ஏதாவது டென்ஷனா என்றும் கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வீட்டு டென்ஷன் தையல் மெஷினின் முகத்தில் இருந்தது. கட்டைவிரல் அகலத்தில் ஒரு திருகு, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், இரண்டு சின்னத் தட்டுகள். மேல்நூல் அந்தத் தட்டுகளுக்கு நடுவே புகுந்துதான் ஊசிக்கு வரும். இறுக்கினால் துணி சுருங்கும், நூல் அறும். தளர்த்தினால் துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கும்.

வாரத்துக்கு ஒருநாள், கணவன் போன் செய்வதற்குச் சற்று முன், அந்தத் திருகை அவளே இரண்டு சுற்று தளர்த்திவிடுவாள்.

கணவன் கடல் கடந்து துணி தைக்கும் ஆலை ஒன்றில் மெஷின் மெக்கானிக். நானூறு மெஷின்கள் அவன் பொறுப்பு. பேச்சில் மட்டும் மகா கஞ்சன். சாப்பிட்டியா, பாப்பா படிக்கிறாளா, சரி வைக்கட்டுமா. ஆறு வருடமாக இந்த மூன்றுதான். மூன்றாவதற்கு இவள் பதில் சொல்வதற்குள் திரை இருண்டிருக்கும்.

ஒருமுறை மெஷின் நிஜமாகவே மக்கர் செய்தது. அன்று அவன் முக்கால் மணி நேரம் பேசினான். ஊசியை மாத்தினியா, எந்தப் பக்கம் நூல் தொங்குது, துணியை வெளிச்சத்தில் காட்டு என்று ஒரே கேள்வி. இவள் திருகைச் சரிசெய்து தைத்துப் பார்க்கும் இடைவெளியில், பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுவதைச் சொன்னான். ஆலை வாசலில் ஒரு நாய் தன் பின்னால் மட்டும் வருவதைச் சொன்னான். நரைத்த மீசையைக் காட்டி, எடுத்துவிடலாமா என்று யோசனை கேட்டான். அவளுக்குக் கல்யாணமான புதிதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு மெஷினுக்கு உடம்பே சரியில்லாமல் போனது.

“அப்பா பேசுறது உன்கிட்டயா, மெஷின்கிட்டயாம்மா?” என்று மகள் கேலி செய்வாள். யாரிடம் பேசினால் என்ன, பேச்சு இந்த வீட்டுக்குள்தானே விழுகிறது என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

இந்த மாதம் வருவதாக இருந்தான். லீவு கிடைக்கவில்லை, இன்னும் எட்டு மாதம் ஆகும் என்றான். அந்த வாரமும் நூல் தொங்கியதைப் பார்த்தவன் அலுத்துப்போய், ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவு கட்டினான். ஊரில் மெஷின் ரிப்பேர் செய்யும் தன் கூட்டாளியை அனுப்பி மொத்தமாக மாற்றிவிடுகிறேன் என்றான்.

“இனிமே உனக்கு இந்தத் தொல்லையே இருக்காது.”

கூட்டாளி வரும் நாளில், ஸ்பிரிங்மேல் பழி நிற்கட்டும் என்று மறுபடியும் இரண்டு சுற்று தளர்த்தி வைத்தாள்.

வந்தவன் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினான். இரண்டு சுற்று இறுக்கினான். துண்டுத் துணியில் ஓட்டினான். தையல் பல்வரிசைபோல் விழுந்தது.

“அண்ணி, இதுக்கு ஒரு வியாதியும் இல்ல. யாரோ திருகுறாங்க. பாப்பா விளையாடுதா?”

“எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது” என்று உள்ளறையிலிருந்து மகள் குரல் வந்தது.

அதற்குள் அவன் இவள் கணவனை போனில் பிடித்திருந்தான். ஸ்பிரிங் புதுசு மாதிரி இருக்குடா, வேலையத்துப்போய் என்னை அலைய விடுற என்று வைதுவிட்டு, அவளை அவளுடைய போனில் கூப்பிடச் சொன்னான். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

போன் அடித்தது. பழியை மகள்மேல் போடலாம், எலிமேல்கூடப் போடலாம். திரையில் அந்த முகத்தைப் பார்த்தபின் பொய் எழும்பவில்லை.

“நான்தான் திருகினேன்.”

“எப்ப?”

“வாராவாரம்.”

“எதுக்கும்மா?”

“மெஷின் சரியா இருந்தா நீங்க வச்சிடுறீங்களே.”

நானூறு மெஷின்களில் எது கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன், திரையில் அவள் முகத்தையே பார்த்தான். பின்னால் இரும்புக் கட்டிலில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“சாப்பிட்டியா?” என்றான்.

“ம்.”

“பாப்பா...”

“படிக்கிறா.”

மூன்றாவது கேள்வி அவன் வாய்வரை வந்ததை அவள் பார்த்தாள். அவன் அதை விழுங்கினான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“போனை மெஷின் பக்கத்துல வச்சிட்டு நீ பாட்டுக்குத் தை. நான் கேட்டுட்டு இருக்கேன்.”

“தைக்க ஒண்ணும் இல்லயே. எல்லாத்தையும் நேத்தே கொடுத்துட்டேன்.”

“சும்மா ஓட்டு.”

நூல்கண்டுப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்து, துண்டுத் துணியில் ஓட்ட ஆரம்பித்தாள். ஓரம்வரை போய்த் திருப்பி, மறுபடியும் ஓட்டினாள். அவன் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். துணி முழுக்க ஒரே தையலாகிவிட்டது. தூங்கிவிட்டானோ என்று அவள் காலை நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்திட்ட?” என்றான்.

அவள் இன்னொரு துண்டை எடுத்தாள்.