பஞ்சாட்சரத்தின் பேரன்

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் வேலாயுதத்தின் கால் படாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது அவனுடைய எதிர்வீடு. பாவு பிணைப்பது அவன் தொழில். தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவு தீரும்போது அதன் நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். வாய் சும்மா இருக்காது. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எல்லாம் விசாரித்தாக வேண்டும். கேள்வி கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது என்று தெருவே கேலி செய்யும்.

அப்பேர்ப்பட்டவனுக்குச் சொந்த வீட்டுக் கேள்விக்கே பதில் கிடைக்கவில்லை. அவனுடைய கொள்ளுத் தாத்தா தாண்டவராயன், எதிர்வீட்டுப் பஞ்சாட்சரத்தைக் கந்தசஷ்டி அன்று சூரசம்ஹாரக் கூட்டத்தில் குத்திக் கொன்றார். வெள்ளைக்காரக் கோர்ட்டு தீவாந்தர சிட்சை விதித்து அந்தமானுக்கு அனுப்பியது. பஞ்சாட்சரத்துக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. எதிர்வீட்டுப் பாவைப் பிணைக்க வேறு தெருவிலிருந்து ஆள் வருவார். வேலாயுதத்தின் வீட்டிலோ, மானம் கப்பலேறிப் போச்சு என்று யாரும் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை. அங்கே அது நிஜமாகவே ஏறிப் போயிருந்தது.

போனவர் என்ன ஆனார்? செய்ததற்கு ஒருநாளாவது வருந்தினாரா? இதுதான் வேலாயுதத்தை அரித்தது. அது தெரியாமல் எதிர்வீட்டு மங்கையர்க்கரசியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசியது. அந்தமான்காரர் யாராவது பட்டு எடுக்க வந்திருக்கிறார் என்றால், போட்ட வேலையைப் போட்டுவிட்டு ஓடுவான்.

அறுபத்தொன்பதில் பழனி வந்தார். போர்ட் பிளேரில் மரவாடியில் வேலை. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர், தெருவில் நின்று விசாரித்தார்.

"எங்க தாத்தா பேரு பஞ்சாட்சரம். இந்தத் தெருவுலேர்ந்து தீவுக்கு வந்தவரு. அவரு வீடு எதுங்க?"

தெரு விழித்தது. கல்யாணமே ஆகாமல் செத்தவனுக்குப் பேரனா? வேலாயுதம் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் மோர் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டான். தாண்டவராயன் என்று யாராவது உண்டா? அது தாத்தாவின் சர்க்கார் பெயர் என்றார் பழனி. பஞ்சாட்சரம்? வீட்டுப் பெயராக இருக்கும். அந்தப் பெயருக்குத்தானே வருஷா வருஷம் திதி. தாத்தா கண்ணை மூடியபோது அப்பா கைக்குழந்தையாம். பாட்டிதான் விடாமல் செய்யவைத்தாராம். தாத்தா எப்போது காலமானார்? தை மாதம், காய்ச்சலில்.

"திதி எப்போ குடுக்கறீங்க?"

"ஐப்பசில, கந்தசஷ்டி அன்னிக்கு."

தையில் செத்தவருக்கு ஐப்பசியில் ஏன் திதி என்று அந்தத் தீவில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேலாயுதத்துக்குப் புரிந்துவிட்டது. தான் கொன்றவனுக்கு, இருந்தவரை தானே எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறார் கிழவர். பிறகு வந்தவர்கள் அவனையே தாத்தா ஆக்கிக்கொண்டார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் முறைக்குத் தனக்குச் சித்தப்பா என்பதும் அப்போதுதான் உறைத்தது. வேலாயுதம் அழுதுவிட்டான்.

பிறகு பழனியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றான். சொல்லி முடிக்கும்வரை மங்கையர்க்கரசி தறியை விட்டு எழவில்லை. கடைசியில் பழனியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், அந்தப் பெயரை அங்கே யாருக்காவது வைத்திருக்கிறார்களா என்று. தன் மூத்த மகன் பஞ்சாட்சரம்தான் என்றார் பழனி.

"எங்க வூட்ல ஒருத்தருக்கும் வெக்கலபா. ராசியில்லாத பேருன்னு வுட்டுட்டோம். திதியும் கெடையாது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலாயுதத்தின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பாவு வியாழக்கெழம தீர்ந்துடும். நீயே வந்து பிணைச்சிக் குடுப்பா."

வியாழக்கிழமை போனான். அந்தத் தறிமுன் உட்கார்ந்தபோது, எதற்காகக் கொன்றார் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. வாழ்நாளில் முதன்முறையாக வேலாயுதம் ஒரு கேள்வியை விழுங்கினான்.