பூதத்தின் பேர்

கோயிலின் மேலைக் கோபுரத்துக்கே பேய்க்கோபுரம் என்று பேர் வைத்திருக்கிற ஊரில் பூதத்துக்கா பஞ்சம்? திருவிழாவில் சாமி ஒருநாள் பூத வாகனத்தில் வருவார், ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பஞ்சபூதத்தில் நம்ம ஊர் நெருப்பு என்று குருக்கள்மார் வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவார்கள். குழந்தைகள் எட்டிப் பார்க்காமலிருக்க ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் ஒரு பூதம் உண்டு. எவனாவது பந்தியில் நாலு கரண்டி கூடக் கேட்டால் அவனும் பூதம்தான். ஆனால் குருக்கள் வீட்டு தர்மாம்பாளுக்குப் பூதம் என்றால் விறகுக்காரன்.

மலைக்குப் பின்னால் இருக்கிற அடி அண்ணாமலையிலிருந்து தினமும் விறகுக்கட்டோடு வருவான். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், முட்டைக்கண், உதட்டுக்கு வெளியே ஒரு பல். தர்மாம்பாளின் நாலு வயது மகள் குஜா சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிற ரகம். ஒருநாள் பொறுமை போய், "சாப்பிடலேன்னா அந்தப் பூதத்துகிட்டே பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று வாசலில் கட்டு இறக்கியவனைக் காட்டினாள். உடனே வாய் திறந்தது. அன்றிலிருந்து அதே வைத்தியம். "பூதம், கொஞ்சம் முழிச்சுப் பாருப்பா" என்பாள். அவனும் கண்ணை உருட்டிக்கொண்டு, கிண்ணம் காலியாகும்வரை நிற்பான். தெருவில் மற்ற வீடுகளும் அவனைக் கூப்பிட ஆரம்பித்தன. அவனுக்கு அது எப்படி இருக்கும் என்று தர்மாம்பாள் யோசித்ததே இல்லை. பூதம்தானே, வலிக்காது என்று நினைத்தாளோ என்னவோ!

ஐம்பத்தெட்டாம் வருஷத்துத் தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி தெரிந்ததும் எல்லார் கையும் தலைக்கு மேல் போயிற்று. தர்மாம்பாளின் கையும்தான். கும்பிட்டு இறக்கிப் பார்த்தால் பக்கத்தில் குஜா இல்லை.

மகளின் பெயரைக் கத்திக்கொண்டே கூட்டத்தில் இடித்து மோதி ஓடினாள். தேரடிப் பக்கம் ஒரு கும்பல், அதன் நடுவே குஜாவின் அலறல்.

"பூதம் புடிச்சுண்டுடுத்து! அம்மா, பூதம்!"

விறகுக்காரன் நின்றிருந்தான். மிதிபடாமலிருக்கக் குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். இரண்டு கையும் குழந்தையிடம் இருந்ததால், விழுகிற அடியைத் தடுக்க அவனுக்குக் கை இல்லை. அவன் ஏதோ சொன்னது அரோகரா சத்தத்தில் எடுபடவில்லை.

"புள்ள புடிக்கிறவன்டா, வுடாத!"

"அடிக்காதீங்கோ! எனக்குத் தெரிஞ்சவன்!" என்று கதறினாள் தர்மாம்பாள்.

"தெரிஞ்சவனா? அப்ப பேரு சொல்லுங்க பாப்போம்" என்றான் ஒருவன், ஓங்கிய கையை இறக்காமல்.

வாயைத் திறந்தாள். நாள் தவறாமல் வாசலுக்கு வருகிறவன். ஆனால் அவள் நாக்கில் வந்து நின்றது ஒரே ஒரு பேர்தான். அதைத்தான் குழந்தையும் கத்திக்கொண்டிருந்தது. வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனாள். அவள் விழித்துக்கொண்டு நின்றதற்கும் சேர்த்து அவன் முகத்தில் இன்னும் இரண்டு விழுந்தன.

"எங்காத்துக்கு விறகு போடறவர். எம்பொண்ணுதான் அது, விட்டுடுங்கோ" என்று அழுதாள். கும்பல் முணுமுணுத்தபடி கலைந்தது.

அவன் குழந்தையை அவளிடம் கொடுத்தான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் முகத்தைப் பார்க்கத் தர்மாம்பாளுக்குத் தைரியமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உம் பேரு என்னப்பா?"

"பேரு வேணுங்க." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். "கொழந்த பசியோட இருக்கும், ஊட்டுக்குப் போய் சோறு ஊட்டுங்கம்மா. நான் அந்தாண்ட போயிடறேன். நான் நின்னா பயந்துக்கும்."