போளி வருமுன் எழுந்தவர்

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டு வாசலை ஒரு முட்டைகூடத் தாண்டியதில்லை. ஆனாலும் என்னைச் சுத்த சைவம் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கும். காரோடு ஊரில் இருந்த என் தையற்கார நண்பன் வீட்டுக்குப் போனால் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தருவார்கள். "துண்டு வேண்டாம், சாறு மட்டும்" என்பேன். நண்பனின் மனைவி அகப்பையைச் சாய்த்து, ஒரு மீன்கூட விழாமல் சாற்றை மட்டும் ஊற்றுவதில் கைதேர்ந்துவிட்டார்.

எங்கள் மூன்றாவது கூட்டாளி பாறசாலையில் தமிழ் வாத்தியார். அசல் சைவம். சொன்ன சொல்லைக் காப்பதற்காகவே பிறந்தவர் போல நடந்துகொள்வார். அவர் என் எதிரில் உட்கார்ந்து வெறும் மரச்சீனியைத் தேங்காய்ச் சில்லோடு தின்றபடி ஒவ்வொரு தடவையும் கேட்பார்:

"எலே, துண்டு மாத்திரந்தான் மீனா? சாறு என்ன, கீரையா?"

எனக்கு ஆதாரம் எழுதும் தொழில். நிலம் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் உட்கார்ந்து, கிழக்கே இன்னார் வீட்டுப் புரயிடம், மேற்கே நடைவழி என்று நாலு பக்க எல்லையையும் எழுதிக் கொடுப்பேன். எந்த ஏற்பாட்டிலும் ஒரு சந்து இருக்கும் என்பது அந்தத் தொழில் எனக்குச் சொல்லித் தந்த பாடம். சாற்றையும் துண்டையும் பிரித்தது அந்தப் புத்திதான்.

நாங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு ஓட்டலில் சாப்பிடுவது வழக்கம். அந்த ஓட்டலின் பெருமை போளி. மஞ்சள் நிறத்தில், இலையில் போட்டால் இலையின் நரம்பு தெரிகிற மெலிசில் இருக்கும். எங்கள் பக்கத்தில் பருப்பும் நெய்யும் முதலில், பிறகு சாம்பார், அதற்கப்புறம் போளியும் பாயசமும், கடைசியில் ரசம், மோர். போளியைப் பிய்த்துப் போட்டு, மேலே பால்பாயசத்தை ஊற்றிப் பிசைந்து வழித்து உண்ண வேண்டும். அந்த நேரத்தில் வாத்தியார் பேசமாட்டார். வாரத்தில் அவர் பேசாமல் இருக்கிற பத்து நிமிஷம் அதுதான்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்த காலம். எந்தத் தாலுக்கா தமிழ்ப் பக்கம் போகும், எது மலையாளப் பக்கம் நிற்கும் என்று டீக்கடையில் தினமும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் ஊர்வலம், கூட்டம் என்று அலைந்தார். தையற்காரன் வீட்டில் பேசுவது மலையாளம், தையல் மிஷின் முன்னால் பேசுவது தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவன் சுளுவாகச் சொன்னான்: "எந்தப் பக்கம் போனாலும் சட்டைக்கு ரெண்டு கைதானே மக்கா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் சோறு முடிந்தது. விளம்புகிறவர் போளித் தட்டோடு எங்கள் வரிசையை நோக்கி வந்துகொண்டிருந்தார். அப்போது பக்கத்துப் பந்தியில் வாத்தியாரை அடையாளம் கண்டுகொண்ட ஒருவர், எங்கள் காதில் விழும்படி, "தமிழ் வேண்டியவரு அங்கோட்டுப் போயி உண்ணட்டே" என்றார்.

வாத்தியார் விறுக்கென்று எழுந்தார். "சரி வேய், போறேன். இந்தத் தாலுக்கா தமிழோட சேருற வரைக்கும் நானும் எனக்க கூட்டுக்காரனுவளும் இந்த ஓட்டல்ல கை நனைக்க மாட்டோம். இது சத்தியமாக்கும்!" என்று இலையை மடித்தார்.

கூட்டுக்காரர்கள் என்றால் நாங்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போளி எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நெய் வாசம் மூக்கில் ஏறிவிட்டது. சபையில் சத்தியம் செய்தவரை விட்டுவிட்டு உட்கார்ந்து தின்ன முடியுமா? நானும் இலையை மடித்தேன். தையற்காரன் மடித்தபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதன்பிறகு எங்கள் ஞாயிறுகள் கிழக்கே போயின. குழித்துறை, மார்த்தாண்டம், நாகர்கோவில், ஒரு தடவை திருநெல்வேலி வரைக்கும். திருநெல்வேலி ஓட்டலில் உட்கார்ந்த உடனே இலை ஓரத்தில் ஒரு கரண்டி பாயசத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு பாயசத்தைப் பற்றிய பேச்சே இல்லை. எனக்கு அழுகை வந்தது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, "கொள்ளாம், கொள்ளாம். சாப்பாடுண்ணா இதாக்கும்" என்று வெள்ளைச் சோற்றை விழுங்கினார். சிவப்புச் சம்பாவில் வளர்ந்த வயிறு அது. சாயங்காலம் பஸ்ஸில் பெருங்காயம் கேட்டார்.

கோர்ட்டு வேலையாக நான் மாதத்தில் நாலைந்து தடவை நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஓட்டலைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு மாதம் தாண்டினேன். மூன்றாம் மாதம் சந்து கிடைத்துவிட்டது. கை நனைக்க மாட்டோம் என்பதுதானே சத்தியம்? பொட்டலம் கட்டி வாங்கினால் எவன் கை நனைந்தது? வாழையிலையில் நாலு போளி கட்டித் தரச் சொல்லி, தோள்பையில் வைத்து, கோர்ட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் நின்றபடியே தின்றேன். பாயசம் இல்லாத போளிதான். ஆனாலும் கண்ணீர் வரும் அளவுக்கு ருசித்தது. பாதிக் கண்ணீர் குற்ற உணர்ச்சியாக இருக்கலாம்.

அடுத்த மாதம் அதே மாமரத்தடியில் எனக்கு முன்பே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தையற்காரன். வாயெல்லாம் மஞ்சள்.

"நான் மலையாளத்தானாக்கும்," என்றான் எடுத்த எடுப்பில். "தாலுக்கா தமிழோட சேரணும்ணு நான் எதுக்குச் சத்தியம் செய்யணும்? சொல்லு பாப்போம்."

நான் என் பொட்டலத்தை அவிழ்த்தேன். ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டோம். வாத்தியாருக்குத் தெரிந்தால் நம் முகத்தில் முழிக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். மீதி வரும் போளியைப் பையிலேயே வைத்துக்கொண்டு மாலை பஸ்ஸில் அவரோடு கூட்டத்துக்குப் போவேன். அவர் தமிழின் பெருமையைப் பேசப் பேச, நான் பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. குழித்துறை, நாகர்கோவில் பக்கத்துத் தாலுக்காக்கள் தமிழோடு போயின. நெய்யாற்றின்கரை போகவில்லை. வாத்தியாரின் பாறசாலையும் மலையாளப் பக்கமே நின்றது. களியக்காவிளையோடு தமிழ் எல்லை முடிந்துவிட்டது.

வாத்தியார் அன்று பள்ளிக்கூடம் போனார், பிள்ளைகளின் நோட்டைத் திருத்தினார், வீட்டுக்கு வந்து படுத்தார். அடுத்த ஞாயிறு கூப்பிட்டோம். வரவில்லை. மார்த்தாண்டம் போகலாமே என்றேன். "அங்க இனிமே நான் விருந்துக்காரன் மாதிரியில்லியா இருக்கும்" என்றார். நெய்யாற்றின்கரை? "தாலுக்கா சேரலியே. சத்தியம் அப்படியே கிடக்கு" என்றார். அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. மனிதர் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு மெலிந்துபோனார். எனக்குப் பயமாகிவிட்டது. எல்லை எங்கே போனாலும் போகட்டும், எங்கள் மூன்று பேர் பந்தியும் போய்விடுமோ என்றுதான் கவலை.

அப்படி ஏழெட்டு ஞாயிறு போனபிறகு பொறுக்கமாட்டாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாமரம், பொட்டலம், தையற்காரன், எல்லாம். அடித்தாலும் அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியும்லே" என்றார்.

"எப்படி சாரே?"

"உனக்க பை. பஸ்ஸுல நெய் மணம் மூக்கைத் துளைக்கும். நான் பின்ன எதுக்கு எப்பவும் பை இருக்குற பக்கமா வந்து இருந்தேன்ணு நினைச்ச?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக மனிதர் வாசத்தைத் தின்றுகொண்டு சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் தொழில் புத்தி முழுவதையும் திரட்டினேன்.

"சாரே, அண்ணைக்கு நீங்க சத்தியம் செய்யும்போது கை ஏற்கெனவே நனைஞ்சிருந்தது. சாப்பாடு பாதியில நிக்குது. அந்தப் போளி சத்தியத்துக்கு முந்தின சாப்பாட்டுக்க பாக்கியாக்கும். அதைத் தின்னா சத்தியம் எப்படி முறியும்?"

"இது உனக்க சாறு நியாயம்" என்றார். ஆனால் சட்டையை மாட்டினார்.

ஓட்டல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். தையற்காரன் பின்னால் நின்று மெதுவாக முதுகில் கை வைத்தான். உள்ளே போய் மூவரும் பழைய இடத்தில் உட்கார்ந்தோம். பழைய விளம்புகாரர்தான் இலை போட வந்தார். வாத்தியாரைப் பார்த்ததும் சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். போளித் தட்டோடு திரும்பி வந்தார்.

"சாரே, அன்னு போளி விளம்பியில்லல்லோ" என்றார். அன்று பரிமாற முடியாமல் போனது அவர் மனதிலும் கிடந்திருக்கிறது.

வெறும் இலையில் இரண்டு போளி. மேலே பாயசம். வாத்தியார் பிசைந்தார், உண்டார், பேசவில்லை. கண் கலங்கியிருந்ததை நாங்கள் இருவரும் பார்க்காத மாதிரி இருந்தோம். பிறகு ரசம் வாங்கிக் குடித்தார், மோர் குடித்தார், இலையை மடித்தார். அன்றைய சாப்பாடு அன்றோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கூப்பிடும் முன்பே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். ஓட்டலில் இலை விழுந்தது. விளம்புகாரர் சோற்று வாளியோடு குனிந்தார். வாத்தியார் இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தார்.

"சோறு வேண்டாம்," என்றார். "போளி மட்டும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"சிரிச்சா கொன்னுருவேன்லே" என்றார்.

நான் சிரிக்கவில்லை. என் பங்குப் போளி வந்ததும் ஒன்றை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.