விக்கிய பாட்டும் வெடிக்காத மின்குமிழும்

பாட்டுப் போட்டால் எஞ்சின் ஏன் உறும வேண்டும்? 2004இல் வன்னியின் விசுவமடு ஊரில் இருந்த எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

அரிசி ஆலைக்கும் மாலை வகுப்பு விளக்குகளுக்கும் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் ஒரே எஞ்சின்தான் மின்சாரம் கொடுத்தது. ஆலையை நிறுத்தியதும் பாரம் குறைந்து எஞ்சின் கட்டுமீறிய வேகத்தில் பறக்கும், மின்குமிழ்கள் வெடிக்கும். உயர்தரப் பரீட்சையில் இருமுறை தவறிய ஜெயரூபி, அதை அடக்கிக் காட்டுகிறேன் என்றாள். கழித்துவிட்ட கணினி, இலவச இயங்குதளம், வேகத்தை அறிய ஒரு சைக்கிள் டைனமோ, எண்ணெயைக் கூட்டிக் குறைக்கப் பழுதான பிரிண்டரின் மோட்டர்: இவ்வளவுதான் அவளுடைய கருவி.

"உது விளையாட்டுச் சாமானோ பிள்ளை?" என்றார் சங்கத் தலைவர் மயில்வாகனம். "சரிவராட்டி வெளியில இருந்து கருவி வாங்குவம். பிறகு உன்னை எஞ்சின் கொட்டில் பக்கம் காணக்கூடாது."

"சரிவந்தா எஞ்சின் என்ர பொறுப்பு, தலைவர்."

"வரட்டும், பாப்பம்."

எங்களூரில் பக்திப்பாட்டு இல்லாமல் எதுவும் தொடங்காது. சோதித்துப் பார்த்த அன்றும், இருந்த ஒரேயொரு ஒலிப்பெட்டியை அந்தக் கணினியிலேயே பொருத்திப் பாட்டைப் போட்டார்கள். ஆலை நின்றது. எஞ்சின் உறுமியது. மூன்று குமிழ்கள் வெடித்தன.

"பிள்ளையின்ர கொம்பியூட்டருக்குப் பக்தி முத்திப்போச்சு!" என்று ஒருவர் கத்த, கொட்டிலே சிரித்தது.

தலைவரிடம் இன்னும் ஒரேயொரு தவணை கேட்டுவிட்டு, மறுநாளே அவள் வவுனியாவுக்குப் பஸ் ஏறினாள். அங்கே கணினிக்கடை வைத்திருந்த றம்சீன், அவள் எழுதிய நிரலைப் படித்துப் பார்த்தான்.

"உன்ர கணக்கில பிழையில்லை தங்கச்சி. சாதாரண சிஸ்டம் பாட்டையும் எஞ்சினையும் ஒரே வரிசையில நிப்பாட்டுது. கட்டளை அரை நொடி பிந்தினா எஞ்சின் பறக்கத்தானே செய்யும்?"

எஞ்சினின் முறை வந்ததும் மற்ற வேலைகளை நிறுத்திவைக்கும் நிகழ்நேர இணைப்பு நிரல் ஒன்றை, அதுவும் இலவசமானது, இறுவட்டில் பதிந்து கொடுத்தான். பத்து நாளில் அவள் மீண்டும் கொட்டிலில் நின்றாள்.

"இண்டைக்குப் பாட்டு வேண்டாம்," என்றார் மயில்வாகனம்.

"போடுவம். சத்தமாப் போடுவம். எந்தப் பாட்டெண்டு நீங்களே சொல்லுங்கோ."

பாட்டு ஓட ஓட, ஆலையை நாலு தரம் ஓடவிட்டு நாலு தரம் நிறுத்தினாள்.

"பாட்டு விக்குது பிள்ளை!"

"விக்கட்டும் தலைவர். குமிழ் வெடிச்சதோ?"

ஒன்றும் வெடிக்கவில்லை. தலைவர் கொட்டில் பூட்டின் திறப்பை அவள் கையில் தரவில்லை, மேசையில் வைத்தார். அவளே எடுத்துக்கொண்டாள்.

துணுக்காய் ஊரிலிருந்து வந்து கேட்டவர்களுக்கும் அவள் தன் நிரலை நகலெடுத்துக் கொடுத்தாள். இந்தக் கதையையும் அப்படியே அடுத்தவரிடம் கொடுங்கள். ஏதாவது ஒரு கொட்டில் வாசலில் மறிக்கப்பட்டு நிற்கும் பிள்ளைக்கு முதலில் கொடுங்கள்.